மலிவு ஃபோர் ட்ராக் கசெட் மெஷினில் லூப்: தப்பு மேளத்துக்கு ஏற்றபடி நாடாவை வெட்டுவோம்

மஸ்கெலியா மேகம்

மலையகத்தில் கசெட்டை வைத்து இசை செய்கிறவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? பழைய பாட்டுக் கேட்பதைச் சொல்லவில்லை. டாஸ்கம், ஃபொஸ்டெக்ஸ், யமஹா என்று 80களிலும் 90களிலும் வந்த, நாலு ட்ராக், அதாவது ஒரே நாடாவில் நாலு தனித்தனி ஒலித் தடம் பதிகிற சின்ன கசெட் மெஷின்களைச் சொல்கிறேன். அதற்குள் ஒரு சாண் நாடாவை வட்டமாக ஒட்டிப் போட்டு, அது திரும்பத் திரும்பச் சுற்றும்போது அதன் மேல் தப்பு மேளம், உருமி மேளம், ஃபெக்டரிச் சத்தம், பாட்டியின் தாலாட்டு என்று ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு ட்ராக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற நாலு ஃபேடரையும் கையால் ஏற்றி இறக்கி வாசிப்பது. நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், கூடப் பேச ஆள் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது அந்த வரிசையிலேயே விலை குறைந்த ரகம். ஒரு நேரத்தில் ஒரு ட்ராக்தான் பதியும், சாதாரண கசெட் வேகம்தான். எட்டு ட்ராக் வேண்டும், இரட்டை வேகம் வேண்டும் என்று தேடித் தேடி, விலையைப் பார்த்து, கடைசியில் எதையும் வாங்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். லூப்புக்கு அது எதுவுமே தேவையில்லை. சொல்லப்போனால் மெதுவாக ஓடுகிற மெஷின்தான் நமக்கு லாபம். சாதாரண கசெட்டில் நாடா ஒரு விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது, கசெட்டின் கூட்டுக்குள் சிக்காமல் சுற்றக்கூடிய நாடா ஏறக்குறைய 24 செ.மீ., ஆகவே 5 விநாடி லூப் கிடைக்கிறது. விலை கூடிய மெஷின்கள் பல 9.5 செ.மீ. வேகத்தில் ஓடும். ஒலி தெளிவாக இருக்கும், ஆனால் அதே நாடா இரண்டரை விநாடியில் முடிந்துவிடும்.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் வேறு. இணையத்தில் இருக்கிற செய்முறைகள் எல்லாம் முதலில் ஒரு நீளத்தைச் சொல்லி, அதை வெட்டி ஒட்டு, அப்புறம் அதற்குள் வாசி என்கின்றன. கிட்டாரில் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்துப் பதிகிறவர்களுக்கு அது சரி. தப்புக்கு அது சரிவராது. தப்படிக்கிறவரை நாடாவின் நீளத்துக்குள் அடைத்தால் அவர் கடைசி அடியை அவசரப்படுத்துவார், அல்லது முதல் அடிக்காகக் காத்திருப்பார், அந்த ஒரு இடத்திலேயே அடியின் உயிர் போய்விடும். அதனால் மறுபக்கமாகச் செய்ய வேண்டும். அவரை அவர் பாட்டுக்கு அடிக்கச் சொல்லுங்கள். கை சூடேறிய பிறகு பத்துச் சுற்று எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஃபோனில் பாருங்கள். 25.5 விநாடி என்றால் ஒரு சுற்று 2.55, இரண்டு சுற்று 5.1, அதை 4.76ஆல் பெருக்கினால் 24.3 செ.மீ. அந்த அளவுக்கு நாடாவை வெட்டி ஒட்டுங்கள். மிச்ச வித்தியாசத்தை, நாடாவின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கிற பிட்ச் குமிழ் பார்த்துக்கொள்ளும்.

இதை யாராவது வேறு விதமாகச் செய்திருந்தால் சொல்லுங்கள். மெஷின் கிடைக்கிற வழி பற்றியும் பேசலாம்.

பண்டாரவளை சோல்டரிங்

தம்பி, நல்ல விஷயம் தொடங்கியிருக்கிறீர்கள். நான் ரேடியோ கசெட் பழுது பார்க்கிறவன். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பெண்கள் கொண்டுவந்த செட்டுகள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் ஒவ்வொன்றிலும் பாடிக்கொண்டிருந்த காலத்திலிருந்து இந்த வேலைதான். வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும்.

முதலில் கரண்ட். ஜப்பானிலிருந்து நேராக வருகிற மெஷின் 100 வோல்ட். நம்முடைய 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் அந்த நிமிஷமே போய்விடும். சின்ன மெஷின்கள் பெரும்பாலும் வெளி அடாப்டரில் ஓடுகிறவை, அவற்றுக்கு அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும், ஆனால் அடியில் ஒட்டியிருக்கிற சீட்டில் எத்தனை வோல்ட், எத்தனை மில்லியம்பியர், முனையின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று மூன்றையும் பார்த்து வாங்குங்கள். முனை மாறிப்போன அடாப்டரால் செத்த மெஷின்கள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன.

அடுத்தது பெல்ட். ஓடவில்லை என்று குறைந்த விலைக்குத் தருகிற மெஷினில் பெரும்பாலும் பெல்ட்தான் போயிருக்கும், இல்லாவிட்டால் தார் மாதிரி உருகி மோட்டாரில் ஒட்டியிருக்கும். அதைத் துடைத்தெடுப்பது அழுக்கு வேலை, ஆனால் முடியாத வேலை இல்லை. பழைய பெல்ட்டின் சுற்றளவை நூலால் அளந்துகொண்டு கொழும்புக்குப் போனால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் கடை கடையாகக் கேட்டுப் பார்க்கலாம். நாடாவைப் படிக்கிற ஹெட் தேய்ந்திருந்தால் மட்டும் வாங்காதீர்கள். நாடா போகிற இடத்தில் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள், பள்ளம் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. லூப் செய்கிறவர்கள் கூட்டுக்குள் இருக்கிற இரண்டு பல்சக்கரத்தையும் கழற்றி வீசிவிட்டு நாடாவை மட்டும் உருளைகளில் சுற்றிவிடுகிறார்கள். நிறைய மெஷினில் வலப்பக்கத்துச் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்கிற ஓட்டோ ஸ்டொப் இருக்கிறது. சக்கரம் சுற்றவில்லை என்றால் நாடா முடிந்துவிட்டது என்று அது நின்றுவிடும். இரண்டு சக்கரத்தையும் உள்ளேயே வைத்து, நாடாவை அவற்றைச் சுற்றி எடுங்கள்.

கொட்டகலை பீட்

கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம் அண்ணே. ஃபோனில் இலவசமாகவே லூப் ஆப் இருக்கிறது. எத்தனை ட்ராக் வேண்டுமானாலும் போடலாம், எந்த நீளமும் வைக்கலாம், இரைச்சல் இல்லை. லயத்தில் இருக்கிற ஒரு பையனிடம் ஃபோன் இருக்கும், கசெட் மெஷின் இருக்காது. அவனுக்கு இதைச் சொல்லி என்ன பிரயோசனம்? உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மஸ்கெலியா மேகம்

நியாயமான கேள்வி தம்பி. ஃபோன் போதும் என்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, நானே வெளியில் பதிகிறதை எல்லாம் ஃபோனில்தான் பதிந்து, அப்புறம் மெஷினுக்குள் அனுப்புகிறேன். தப்பின் சுற்றுக்கு நீளத்தை விடுவதை ஃபோனிலும் செய்யலாம், செய்யத்தான் வேண்டும். ஆப் தானாகவே அடிகளைக் கட்டத்துக்குள் இழுக்கிற அந்த வசதியை முதல் வேலையாக நிறுத்திவிடு.

ஆனால் கசெட்டில் இருக்கிற இரண்டு விஷயம் எனக்கு ஃபோனில் கிடைக்கவில்லை. ஒன்று, அழிவு. ஒரு ட்ராக்கில் பதிந்துகொண்டே விட்டால் அழிக்கும் ஹெட் ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய சுற்றைத் துடைத்துக்கொண்டே வரும், கடைசி 5 விநாடி மட்டும்தான் நாடாவில் மிஞ்சும். பின்னோக்கிப் போகிற பட்டன் கிடையாது. வாசிக்கிறவர் அது தெரிந்து வாசிக்கும்போது கவனமே வேறாக இருக்கிறது. இருபது சுற்று அடித்து, ஒரு சுற்று சரியாக விழுந்தது என்று தோன்றின உடனே நிறுத்துகிறோம், அந்த ஒன்றுதான் இருக்கிறது. மற்றது கை. நாலு ட்ராக்கும் ஒரே 3.81 மில்லிமீற்றர் அகல நாடாவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்றையொன்று ஒருபோதும் விட்டு விலக முடியாது, அதனால் என்ன நடந்தாலும் தாளம் கலையாது என்ற தைரியத்தில் நாலு விரலையும் நாலு ஃபேடரில் வைத்து வாசிக்கலாம். 1975இல் 10சிசி என்ற ஆங்கிலக் குழு குரல்களைச் சுரம் சுரமாக லூப் செய்து மிக்ஸரின் ஃபேடர்களை ஒரு வாத்தியமாகவே வாசித்தார்கள். அவர்களுக்கு அதற்கு ஒரு முழு ஸ்டூடியோ இருந்தது. நமக்கு நாலு ஃபேடர் இருக்கிறது, நாலு சுரத்துக்கு அது போதும். அம்மாவை ஸ, ப, மேல் ஸ என்று மூன்று சுரம் இழுத்துப் பாடச் சொல்லி மூன்று ட்ராக்கில் பதி, நாலாவதில் தப்பு. ஒரு மணி நேரம் வாசித்தாலும் அலுக்காது.

செந்தேயிலை

வணக்கம். நான் தலவாக்கலைப் பக்கம், இப்போது படிப்புக்காகப் பேராதனையில். இந்த இழையை வாசித்துவிட்டுத்தான் கணக்கே திறந்தேன்.

எங்கள் தாத்தா தோட்டத்துக் காமன் கூத்தில், ரதி மன்மதன் கதையை ஆடுகிற கூத்தில், ஆடினவர். 80களில் யாரோ ஒரு செட்டை வைத்துப் பதிந்த கசெட்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய வீட்டில் இருக்கின்றன, தப்பும் பாட்டும் ஆட்டக்காரர்கள் சலங்கையும் எல்லாம் அதில் இருக்கிறது. தாத்தா இப்போது இல்லை. நண்பர் ஒருவரிடம் ஃபோர் ட்ராக் மெஷினை இரவல் வாங்கி ஒரு கசெட்டைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் பாட்டு சரியாகக் கேட்கிறது, அதே நேரத்தில் வேறு ஏதோ தலைகீழாகப் பின்னாலிருந்து ஓடுகிறது, பயந்து நிறுத்திவிட்டேன். நாடா கெட்டுப்போய்விட்டதா? சில கசெட்டில் வெள்ளையாகத் தூள் மாதிரி ஏதோ படிந்தும் இருக்கிறது.

என் யோசனை, அந்த நாடாவிலிருந்து தாத்தாவின் குரல் வருகிற ஒரு சாண் துண்டை வெட்டி லூப் ஆக்குவது. அவருடைய குரல் பதிந்த அதே நாடா சுற்ற வேண்டும் என்று ஆசை.

பண்டாரவளை சோல்டரிங்

மகளே, கத்தரியைக் கீழே வை. முதலில் இதை வாசி.

நாடா கெடவில்லை. சாதாரண கசெட்டில் ஏ பக்கத்துக்கு இடம் வலம் என்று இரண்டு ட்ராக், பி பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நாலு. திருப்பிப் போட்டு கேட்பதால் பி பக்கம் நாடாவில் எதிர்த்திசையில் பதிந்திருக்கிறது. ஃபோர் ட்ராக் மெஷின் அந்த நாலையும் ஒரே திசையில் ஒரே நேரத்தில் படிக்கிறது, ஆகவே ஒரு ஜோடி ட்ராக்கில் ஏ பக்கம் நேராகவும் மற்ற ஜோடியில் பி பக்கம் தலைகீழாகவும் கேட்கும். ஒரு ஜோடியின் ஃபேடர்களை இறக்கிவிட்டால் மற்றது மட்டும் கேட்கும். மெஷின் இரட்டை வேகம் உள்ளதென்றால் வேகத்தைச் சாதாரண நிலைக்கு மாற்று, இல்லாவிட்டால் தாத்தா ஒரு ஸ்தாயி மேலே பாடுவார். ஒன்றை மட்டும் மறக்காதே. கசெட்டின் மேல் விளிம்பில் இருக்கிற இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடு. உடைத்தால் எந்த மெஷினும் அதில் பதியாது. ஃபோர் ட்ராக்கில் ஒரு பட்டன் தவறி அமுங்கினால் பி பக்கமும் சேர்ந்து அழியலாம்.

வெள்ளைத் தூள் பூஞ்சணம். நம்முடைய ஈரத்தில், அதுவும் தகரக் கூரைக்கு அடியில் மழை மாதமெல்லாம் கிடந்த கசெட்டில் அது வராமல் இருந்தால்தான் அதிசயம். அந்தக் கசெட்டுகளை இப்போது ஓட்டாதே. பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டி, அடுத்ததாகப் போடுகிற நல்ல கசெட்டுக்கும் போகும். தனியாக ஒரு மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சில வாரம் வை. பிறகு முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, கையால் பென்சிலைவிட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டே பஞ்சு இல்லாத உலர்ந்த மெல்லிய துணியால் துடை. ஓட்டிய பிறகு ஒவ்வொரு தடவையும் ஹெட்டையும் ரோலரையும் சுத்தம் செய்.

இப்போது வெட்டுகிற விஷயம். வெட்டாதே. தோட்டங்களில் கூத்துப் பதிந்த கசெட்டுக்கு இரண்டாவது பிரதி எங்கேயும் இருப்பதில்லை. அந்த நாடாவில் 24 செ.மீ. வெட்டினால் ஏ பக்கத்தில் 5 விநாடி மட்டுமல்ல, அதே இடத்தில் பி பக்கத்திலும் 5 விநாடி போகிறது. அங்கே என்ன இருக்கிறது என்று நீ இன்னும் கேட்கக்கூட இல்லை. நாலு ட்ராக்குக்கும் தனித்தனி அவுட்புட் இருந்து, நாலு சனல் உள்வாங்குகிற சவுண்ட் கார்டும் இருந்தால் ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கத்தையும் கணினிக்கு ஏற்றிவிடலாம், பி பக்கத்தைப் பிறகு கணினியில் தலைகீழாக்கினால் சரியாகிவிடும். இல்லாவிட்டால் நல்ல சாதாரண கசெட் டெக்கில் ஒவ்வொரு பக்கமாக ஏற்று. ஏற்றி முடிந்ததும் அதிலிருந்து தாத்தாவின் குரலை எடுத்துப் புது நாடாவின் லூப்பில் பதி.

இராகலை தப்பு

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தங்கச்சி, அந்தக் கசெட்டுகள் உங்கள் வீட்டுச் சொத்து மட்டுமில்லை. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் நம் மக்களின் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து எழுதி வைத்தார்கள், அதனால் வரிகள் தப்பின. அடி தப்பவில்லை, அதைக் காகிதத்தில் எழுத முடியாது. உங்கள் டின்னில் இருப்பது அதுதான்.

நான் தப்படிக்கிறவன், அப்பாவிடம் கற்றது. இந்த லூப் விஷயத்தில் எனக்கும் சொல்ல இருக்கிறது. ஒரு காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் சேர்க்கிற இடத்துக்கு, ஆள் கூப்பிட அடித்த தப்பு இது. சாவு வீட்டில் அடிக்கிறது வேறு, சாமி அழைக்கிறது வேறு, கூத்துக்கு அடிக்கிறது வேறு. கூத்துக்குள்ளேயே ரதி வரும்போது ஒன்று, காமனை எரிக்கிற இடத்தில் இன்னொன்று. சமீபத்தில் ஒரு டிஜே நிகழ்ச்சியில் சாவு வீட்டு அடியை வெட்டி லூப்பாக்கி அதன் மேல் ஆட விட்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் எழுந்து போனார்கள். அவர்களுக்கு அந்த அடி ஒரு முகத்தை ஞாபகப்படுத்துகிறது, அது ஒரு வெறும் சத்தம் இல்லை. அதனால் யாரிடம் பதிந்தாலும் இது எந்த அடி, எங்கே அடிக்கலாம் என்று கேளுங்கள். அடிக்கிறவருக்குக் காசு கொடுங்கள், பேரைப் போடுங்கள். தப்பைத் தொட்டதற்காகவே எங்கள் ஆட்களை வெளியில் நிறுத்தி வைத்த தோட்டங்கள் இருந்தன, இப்போது அதே சத்தம் எல்லாருக்கும் பிடிக்கிறது, நல்லது, ஆனால் கை யாருடையது என்று சொல்லிவிட்டுப் பிடிக்கட்டும்.

வேலை விஷயமாக ஒன்று. தோலை நெருப்பில் காய்ச்சித்தான் அடிக்கிறோம். நம் பக்கம் பனி இறங்கினால் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும், காய்ச்சின உடனே இருக்கிற சத்தம் கொஞ்ச நேரத்தில் இருக்காது. மஸ்கெலியா அண்ணே, நீங்கள் முதலில் அடிக்கவிட்டு, அப்புறம் கணக்குப் போட்டு, வெட்டி, ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்குள் தப்பு ஆறிவிடும். அதற்கு என்ன செய்கிறீர்கள்?

மஸ்கெலியா மேகம்

நீங்கள் சொன்ன அத்தனையும் ஏற்றுக்கொள்கிறேன் தம்பி. நான் பதிகிற பெரியவரிடம் கோயில் அடி மட்டும்தான் கேட்டிருக்கிறேன். சாவு வீட்டு அடியை லூப்பாக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு பேச்சில்லை.

ஆறுகிற விஷயத்துக்கு, அளப்பதை ஒரு நாளும் பதிவதை இன்னொரு நாளும் வைத்துக்கொள்கிறேன். ஒரே ஆள் ஒரே அடியை அடிக்கிற வேகம் ஆச்சரியமாக ஒரே மாதிரி இருக்கும், வித்தியாசம் வந்தாலும் பிட்ச் குமிழுக்குள் அடங்கும். இரண்டாவது நாள் நெருப்பு, மெஷின், ஒட்டி வைத்த லூப் எல்லாம் தயார். காய்ச்சி எடுத்ததும் ஃபோனில் பதிவதைவிட நேராக மெஷினிலேயே பதிகிறேன், மைக்கைத் தோலுக்கு நேரே வைக்காமல் இரண்டடி தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டில். நீளக் குச்சி விழுகிற அந்தச் சுளீர் சத்தம் மீட்டரில் காட்டுவதைவிட அதிகமாக நாடாவில் ஏறும். முள் சிவப்பைத் தொட்டுத் தொட்டு இறங்கட்டும், சிவப்பிலேயே நிற்க விடாதீர்கள்.

எந்த ட்ராக்கில் எது என்பதும் முக்கியம். பக்கத்து ட்ராக்குக்கு ஒலி கசியும், தப்பு மாதிரி பலமான சத்தம் இன்னும் கசியும். அதனால் தப்பை 1இல் போட்டால் தாலாட்டு மாதிரி மெல்லியதை 3க்கோ 4க்கோ தள்ளுங்கள். 1உம் 4உம் நாடாவின் ஓரங்கள், ஓரம் நசுங்கினால் அங்கே சத்தம் விட்டு விட்டு வரும், ஆகவே குரலுக்கு 3 நல்லது. மூன்று நிறைந்துவிட்டால் அவற்றைச் சேர்த்து மிச்சமிருக்கிற ஒன்றுக்கு இறக்கி இடம் பிடிக்கலாம், ஆனால் ஒவ்வொரு இறக்கத்துக்கும் இரைச்சல் கூடும், மேல் ஸ்தாயி மங்கும். எனக்கு ஒரு தடவை இறக்குவது பிடிக்கும், இரண்டாவது தடவை வேண்டாம்.

கொட்டகலை பீட்

சரி அண்ணே, செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கூட்டைத் திறந்து ஒட்டுவதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். சாதாரண செலோடேப் சரிவருமா? பதிவு தொடங்குகிற இடத்தில் 'டக்' என்று கேட்கும் என்கிறார்களே, அதற்கு வழி உண்டா?

மஸ்கெலியா மேகம்

செலோடேப் வேண்டாம். அதன் பசை வெயிலிலும் மெஷின் சூட்டிலும் ஓரத்தில் கசிந்து ஹெட்டிலும் ரோலரிலும் ஒட்டும். இதற்கென்றே ஸ்ப்ளைசிங் டேப் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், ஆனால் ஒரு சுருள் வருடக்கணக்கில் வரும். அது வரும்வரை பழகிப் பார்ப்பதற்கு மட்டும் செலோடேப்பை வைத்துக்கொள்.

கூடு நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து ஸ்க்ரூ உள்ளதாக இருக்க வேண்டும், ஒட்டி மூடிய கூட்டை உடைக்காமல் திறக்க முடியாது. மேசையில் படுக்க வைத்துத் திற, இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற சின்ன உருளைகளும் பஞ்சு வைத்த செம்புத் தகடும் தெறித்துப் போகும். நாடாவை எடுத்துவிட்டு, அது போகிற பாதையில், இரண்டு மூலை உருளை, இரண்டு பல்சக்கரம் சுற்றி, ஒரு தையல் நூலை வைத்து அள. கூட்டுக்குக் கூடு சக்கரத்தின் பருமன் மாறும், அதனால் என் அளவை அப்படியே எடுக்காதே. நூலின் அளவுதான் உன் கூட்டில் நாடா தளராமல் ஓடுகிற நீளம். தப்பின் கணக்கு அதைவிட அரை செ.மீ. கூடினால் பரவாயில்லை. குறைந்தால் நாடா இறுகி, இழுக்கிற தண்டு வழுக்கி, சத்தம் ஆடும். கணக்கு ரொம்பவும் குறைந்தால் ஒரு சுற்றைக் கூட்டிப் பார், அல்லது பருமன் குறைந்த சக்கரம் உள்ள கூட்டைத் தேடு.

காந்தம் ஏறாத பிளேடால், இரண்டு முனையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து 45 பாகையில் ஒரே வெட்டு. சாய்த்து வெட்டினால் ஒட்டு ஹெட்டைக் கடக்கும்போது சத்தம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கரைந்து போகும், நேராக வெட்டினால் வெட்டுத் தெரியும். முனைகளை முட்ட வைத்து, இடைவெளியும் இல்லாமல் மேலேறாமலும், நாடாவின் பின்பக்கத்தில் ஒட்டு. கசெட்டில் நாடாவின் பதிகிற பக்கம் வெளியே, ஹெட்டைப் பார்த்து இருக்கும், ஒட்டு உள்பக்கம் வர வேண்டும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற பிசிறை வெட்டிவிடு. C60, அதாவது 60 நிமிடக் கசெட்டின் நாடாவையே எடு. C90 நாடா மெல்லியது, C120 இன்னும் மெல்லியது, வட்டத்தில் சுருண்டு சிக்கும். மெஷின்கள் பெரும்பாலும் டைப் 2 (குரோம்) நாடாவுக்காக அமைக்கப்பட்டவை, சாதாரண டைப் 1இல் பதிந்தால் ஒலி மாறும், எனக்கு அந்த மாற்றம் தப்பில் பிடித்திருக்கிறது.

'டக்' பற்றி. அது பதிவு தொடங்குகிற, நிற்கிற இடத்தில் விழுகிறது. இரண்டு வழி உண்டு. இழுவையான சத்தம் என்றால் இன்புட்டை மூடி வைத்துக்கொண்டு பதிவைத் தொடங்கி, மெதுவாகத் திறந்து, ஒரு சுற்று முடியும் முன் மெதுவாக மூடு. தப்பு என்றால் அப்படிச் செய்ய முடியாது, அதனால் முதல் அடியின் தலையிலேயே தொடங்கி அங்கேயே நிறுத்து, அடியின் பலத்துக்குள் அது மறைந்துவிடும். கூட்டின் மேல் பக்கத்தில் ஒட்டு எங்கே கடக்கிறது என்று பார்க்க ஜன்னல் இருக்கும், நாடாவின் பின்பக்கத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தால் கண்ணாலேயே சுற்றை எண்ணலாம்.

நானுஓயா நடைமேடை

இந்த இழை இவ்வளவு நாள் எங்கே இருந்தது!

இரட்டை வேக மெஷின் வைத்திருக்கிறவன் நான், அதனால் அதற்காகவும் ஒரு வார்த்தை. 9.5இல் பதிந்து 4.76இல் ஓடவிட்டால் எல்லாம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, இரண்டரை விநாடி ஐந்தாகும். பட்டிப்பொலை ஏற்றத்தில் டீசல் எஞ்சின் மூச்சு வாங்குகிற சத்தத்தை அப்படிப் போட்டுப் பாருங்கள். தெமோதரைச் சுரங்கத்துக்குள் பெட்டிக்கு உள்ளே இருந்து பதிந்ததும் என்னிடம் இருக்கிறது, அதைத்தான் அடித்தளமாக வைத்து வேலை செய்கிறேன்.

மெஷின் வரலாறு தெரியாதவர்களுக்கு: ஃபிலிப்ஸ் கசெட்டை அறிமுகப்படுத்தியது 1963. நாலு ட்ராக்கையும் ஒரே திசையில் பயன்படுத்துகிற முதல் கசெட் மெஷினை டீயாக் 1979இல் டாஸ்கம் 144 என்று கொண்டுவந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட தொகுப்பை வீட்டில் அந்த மெஷினில்தான் பதிந்தார், ஸ்டூடியோவில் திரும்பச் செய்து பார்த்தும் கடைசியில் கசெட்டையே வெளியிட்டார்கள். மலிவு மெஷின் என்று யாரும் தயங்க வேண்டாம்.

மேகம் அண்ணே, ஒரே ஒரு இடத்தில் உங்களோடு உடன்படவில்லை. நாலும் விலகாமல் இருப்பதுதான் அழகு என்கிறீர்கள். இரண்டு மெஷின் இருந்தால் இரண்டு லூப்பை வேண்டுமென்றே விலகவிடலாம். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1965இல் ஒரே பேச்சுத் துண்டை இரண்டு டேப் மெஷினில் ஓடவிட்டு, அவை கொஞ்சம் கொஞ்சமாக விலகுவதையே இசையாக்கினார். தப்பை ஒன்றிலும் உருமியை இன்னொன்றிலும் போட்டு, ஒன்றின் பிட்ச்சை ஒரு மயிரிழை திருப்பிப் பாருங்கள்.

இராகலை தப்பு

ரயிலுக்கு அது சரி. தப்பும் உருமியும் விலகினால் எங்கள் காதுக்கு அடிக்கிற இரண்டு பேருக்கும் சண்டை என்றுதான் கேட்கும். விலகலைக் குரலில் செய்யுங்கள், அடியில் வேண்டாம் என்பது என் கருத்து.

நானுஓயா நடைமேடை

ஏற்றுக்கொள்கிறேன். அடுத்ததைக் குரலில் செய்து பார்க்கிறேன்.

செந்தேயிலை

எல்லோருக்கும் நன்றி. சோல்டரிங் மாமா, வெட்டவில்லை. பூஞ்சணம் இல்லாத கசெட்டுகளை மட்டும் டெக்கில் போட்டுக் கணினிக்கு ஏற்றத் தொடங்கிவிட்டேன், மற்றவை பெட்டிக்குள் இருக்கின்றன. ஒரு பி பக்கத்தில் கூத்தே இல்லை, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், அம்மா குழந்தைக் குரலில் பாட்டுப் பாடுகிறார். அம்மாவுக்கே அப்படி ஒன்று பதிந்தது ஞாபகம் இல்லை. நான் வெட்ட நினைத்த துண்டுக்கு நேர் பின்னால் அது இருந்தது.

லூப்புக்கு தாத்தா பாடுகிற ஒரு இடத்தை எடுத்து வைத்திருக்கிறேன், பின்னால் தப்பு ஓடுகிறது. பத்துச் சுற்று 26 விநாடி வருகிறது. நூலால் அளந்ததில் என் கூட்டின் பாதை 24 செ.மீ. எவ்வளவு வெட்டட்டும்? இராகலை அண்ணே, காமன் கம்பம் ஊன்றுகிற அன்று அடிக்கிற அடி மாதிரித் தெரிகிறது, லூப்பாக்கலாமா?

இராகலை தப்பு

ஆடியோவை அனுப்புங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன். ஊன்றுகிற அன்று அடிக்கிறதென்றால் தாராளமாகச் செய்யலாம். உங்கள் தோட்டத்துக் கூத்து வாத்தியார் யாராவது இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், சந்தோஷப்படுவார்.

மஸ்கெலியா மேகம்

26 என்றால் ஒரு சுற்று 2.6, இரண்டு சுற்று 5.2 விநாடி, அதாவது 24.75 செ.மீ. உங்கள் பாதையைவிட முக்கால் செ.மீ. அதிகம், ஓடலாம், ஆனால் முதல் லூப்புக்கு அந்தத் தளர்வு வேண்டாம். 24இலேயே வெட்டுங்கள், அது 5.04 விநாடி. பதியும்போதும் கேட்கும்போதும் பிட்ச் குமிழை மூன்று வீதம் கீழே வைத்தால் 5.2 விநாடியில் ஒரு சுற்று வரும், தாத்தாவின் குரலும் மாறாது. பதிந்து முடியும்வரை குமிழைத் தொட வேண்டாம், அந்த இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள். குரலும் தப்பும் கணினியிலிருந்து சேர்ந்தே வருவதால் அதை 2இல் பதியுங்கள், 1ஐயும் 4ஐயும் காலியாக விட்டு, 3இல் அம்மாவை இப்போது பாடச் சொல்லிப் பதிந்து பாருங்கள். கசிவு கொஞ்சம் இருக்கும், அந்த இரண்டு குரலுக்கு இடையில் அது இருக்கட்டும்.